ரயில் கற்றாழைப் பாகு விஷயமாகச் சம்பந்திக்கு

என் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

பணிவான வணக்கம். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதி ஆரம்பிப்பதுதான் முறை. அந்த வரியை எழுதப் பேனாவையும் திறந்துவிட்டேன். ஆனால் என் ரத்தப் பரிசோதனை அறிக்கை பக்கத்திலேயே விரிந்து கிடப்பதால் அப்படி ஒரு பொய்யை எழுதக் கை வரவில்லை. தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எட்டு மாதக் கர்ப்பிணியாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் முக்கியமாக அதற்காகத்தான்.

தாங்கள் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, ஒரு விசிலுக்கு ஐந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர். நான் முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன். ஒருவரைப் பார்த்ததும் அவர் முதுகு நேராக இருக்கிறதா என்று தங்களுக்குக் கண் போகும். இவர் டிக்கெட் எடுத்திருப்பாரா என்று எனக்குப் போகும். நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று தாங்கள் என்னைக் கட்டித் தழுவியபோதுகூட ஒரு விநாடி எனக்கு அந்த எண்ணம் வந்தது. மன்னிக்கவும், தொழில் புத்தி. இதை இங்கே சொல்லக் காரணம், கீழே நான் எழுதப்போகும் சந்தேகங்கள் எதுவும் தங்களை மனதில் வைத்துக் கிளம்பியவை அல்ல, பிறவியிலேயே கூட வந்தவை என்று தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தாங்கள் இங்கே வந்திருந்தபோது நான் சர்க்கரை இல்லாத டீயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதைப் பார்த்தீர்கள். உடனே பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் டொக்கென்று வைத்தீர்கள். "சம்பந்தி, இனிமே இந்தக் கஷாயம் எல்லாம் வேண்டாம். இது அகாவே பாகு. செடியிலேர்ந்து வர்றது. ரெண்டு ஸ்பூன் விட்டுக் குடிங்க, சர்க்கரை ஏறவே ஏறாது. எங்க வீட்ல சர்க்கரை டப்பாவையே தூக்கிட்டேன். உங்க மகளுக்கும் இப்ப சர்க்கரை எல்லையில நிக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க இல்ல, அவளுக்கும் இதுதான்" என்றீர்கள். ஏறவே ஏறாது என்று ஒருவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னால் எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். ஆனால் சம்பந்தி கொடுத்தது. வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

தாங்கள் கிளம்பியதும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பாட்டிலைச் சோதித்தேன். அதில் முள்ளு முள்ளாக ஒரு செடியின் படம். பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது நம்ம ரயில் கற்றாழையின் குடும்பம், சம்பந்தி! தண்டவாளத்தின் ஓரமாக வேலிக்கு நட்டு வைத்திருப்பார்களே, அதே ஜாடை. முப்பத்தோரு வருடம் என் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த செடி. பிளாஸ்டிக் பையைத் தின்கிற ஆடுகூட அதைத் தின்று நான் பார்த்ததில்லை. அந்த ஜாதியிலிருந்து இனிப்பு வருகிறது, அதுவும் உடம்புக்கு நல்ல இனிப்பு வருகிறது என்றால் நான் எப்படி நம்புவது? என் மனைவியோ, "என்னங்க, மனுஷர் ஆசையா குடுத்துட்டுப் போயிருக்காரு. பாட்டில்கிட்ட எல்லாம் டிக்கெட் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் விடவில்லை. உலகத்திலேயே இனிப்பைப் பற்றித் தெரிந்த ஒரே நேர்மையான அதிகாரி எறும்புதான் என்பது என் கருத்து. ஒரு தட்டில் இந்தப் பக்கம் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, அந்தப் பக்கம் இந்தப் பாகு ஒரு சொட்டு விட்டு, சமையலறை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். பாகை ஒரு எறும்பும் எட்டிப் பார்க்கவில்லை. சரி, இதில் சர்க்கரை இல்லை, சம்பந்தி சொன்னது சத்தியம் என்று எழுந்துவிட்டேன். சர்க்கரைத் தண்ணீரையும்தான் எந்த எறும்பும் எட்டிப் பார்க்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. முந்தின நாள்தான் என் மனைவி அந்தத் திண்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள் என்பதைப் பத்து நாள் கழித்து, வேறு ஏதோ சண்டையின் நடுவில் சொன்னாள்.

அடுத்தது மெஷின். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் சர்க்கரையைச் சொல்லுமே, அது. டீயில் இரண்டு ஸ்பூன் பாகு விட்டுக் குடித்து, ஒரு மணி நேரம் கழித்துக் குத்தினேன், ஏறவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினேன், ஏறவில்லை. அந்த ஒரு நாளில் ஏழு குத்து. விரலெல்லாம் சல்லடை. ஆனால் எண் மட்டும் ஆடவில்லை, அசையவில்லை. சம்பந்தி, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷமாக இனிப்பு இல்லாமல் கிடந்த நாக்கு. தங்களைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அப்புறம் கேட்கணுமா? இரண்டு ஸ்பூன் நாலு ஸ்பூனாச்சு. டீயோடு நின்றது ரொட்டிக்கு வந்தது, ரொட்டியிலிருந்து வாழைப்பழத்துக்குப் போச்சு, கடைசியில் வாழைப்பழமே எதற்கு இடைஞ்சலாக என்று ஸ்பூன் மட்டும் மிஞ்சியது. என் மனைவி ஏதாவது கேட்டால், "ஏறாது, மெஷினே சொல்லியாச்சு" என்று வாயை அடைத்தேன். ஒரு பாட்டில் தீரும்போது அடுத்தது வந்து நிற்கும். வேலை விஷயமாகப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் வரும் மாப்பிள்ளை, "வீட்ல குடுத்து விட்டாங்க மாமா" என்று பையிலிருந்து எடுத்து வைப்பார். இதுவரை ஆறு. ஒரு மனுஷர் எதற்காக இத்தனை பாட்டில் அனுப்புகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாக்கு இனித்துக்கொண்டிருக்கும்போது மூளை தூங்கிவிடுகிறது.

போன வாரம் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண். அறிக்கையை மேலிருந்து கீழே படித்தார், மறுபடி கீழிருந்து மேலே படித்தார். "சர்க்கரை பரவாயில்ல. ஆனா ரத்தத்துல கொழுப்பு இவ்வளவு ஏறியிருக்கு. கல்லீரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. புதுசா என்னங்க சாப்பிடுறீங்க?" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். டிக்கெட் இல்லாதவன்தான் நாம் பக்கத்தில் போனதும் ஜன்னலைப் பார்ப்பான் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பாட்டில் விஷயம் வெளியே வந்தது. "எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர். "ஒரு ரெண்டு ஸ்பூன்" என்றேன். "டாக்டர், பதினைஞ்சு நாளைக்கு ஒரு பாட்டில்" என்றாள் தர்மபத்தினி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, சர்க்கரையில குளுக்கோஸ்னு ஒண்ணு இருக்கு, ஃபிரக்டோஸ்னு ஒண்ணு இருக்கு. உங்க மெஷின் குளுக்கோஸை மட்டும்தான் எண்ணும். இந்தப் பாகுல பெரும்பங்கு ஃபிரக்டோஸ். அது நேரா கல்லீரலுக்குப் போயிடும். எப்பவாவது அரை ஸ்பூன்னா ஒண்ணும் ஆயிடாது. இப்படிப் பாட்டில் கணக்குல ஊத்தினா அங்கேயே கொழுப்பா தங்கிடும். செடியிலேர்ந்து வந்தாலும் இதுவும் சர்க்கரைதாங்க. சர்க்கரையும் ஒரு செடியிலேர்ந்துதானே வருது?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, சம்பந்தி. எங்கள் ஸ்டேஷனில் வாசல் கேட்டில்தான் பரிசோதகர் நிற்பார். விவரமானவன் வாசலுக்கே வர மாட்டான். வண்டியின் மறுபக்கம் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, சுவர் ஓட்டை வழியாகப் போய்விடுவான். நான் மெஷினை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, ஒருத்தனும் வரலையே என்று பூரித்துப்போயிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு ஊரே இறங்கிப் போயிருக்கிறது. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒருத்தனும் என் கண்ணில் மண்ணைத் தூவியதில்லை. ஒரு வேலிச் செடி தூவிவிட்டது.

என் கல்லீரல் கிடக்கட்டும். அது வயசானது. நான் டாக்டரிடம், "கர்ப்பமா இருக்கிற பொண்ணு இதைக் குடிக்கலாமா?" என்று கேட்டேன். "சர்க்கரை எல்லையில இருந்தா, சர்க்கரைக்குப் பதிலா இதை ஊத்திக் குடுக்கிறது வேண்டாம். அவங்க டாக்டர் சொன்னபடி இருக்கச் சொல்லுங்க" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவள் நினைப்புதான்.

ஏனென்றால் என் மகளைத் தங்களுக்கு முழுசாகத் தெரியாது. அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. ஏழு வயதில் அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொடுத்தேன். அது கடித்துக் குதிகால் முழுக்கப் புண். அப்பா வாங்கிக்கொடுத்தது என்று மூணு மாசம் வாயைத் திறக்காமல் அதிலேயே பள்ளிக்கூடம் போய் வந்தாள். தாங்கள் சர்க்கரை டப்பாவைத் தூக்கியதாகச் சொன்ன அன்றைக்கே அவளிடம் ஃபோனில் கேட்டேன். "மாமா சொன்னா சரிதான்பா" என்றாள். அந்த 'சரிதான்பா'வை நான் நம்பவில்லை. அது புண்ணோடு நடக்கிற குரல்.

தாங்கள் அன்பால் செய்தீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, எனக்குச் சந்தேகம் இல்லாத மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. ஆனால் தாங்கள் அன்பாக ஒன்றைச் சொன்னாலும் அது விசில் சத்தமாகத்தான் கேட்கிறது, கேட்டவர்கள் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். நானே நின்றேன், ஆறு பாட்டில் நின்றேன். அந்த வீட்டில் அவள் தனியாக ஒரு பெண், யாரிடம் போய் என்ன சொல்வாள்? எனக்குப் பயமாக இருக்கிறது, சம்பந்தி. இன்றைக்கே அந்தப் பாட்டிலை மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். "உனக்குப் பிடிக்கலைன்னா என்கிட்ட பிடிக்கலைன்னு சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லுங்கள். விசில் இல்லாமல் சொல்லுங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், வயசு வித்தியாசம் பார்க்க மாட்டேன்.

எழுதியதில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். வரப்போகும் பேரக்குழந்தைக்கு நீண்ட ஆயுளும், தங்களுக்கு நேரான முதுகும், எனக்குக் கொழுப்பில்லாத கல்லீரலும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மாறாத மரியாதை கொண்ட,
மகளைப் பெற்ற சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டி முடித்த பிறகு மகள் ஃபோன் செய்தாள். கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். டாக்டர் சொன்னதை அவள் அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, நான் அதை வாயிலயே வைக்கலை. முதல் நாளே அத்தை சொல்லிட்டாங்க. 'மாமா முன்னாடி தலையை மட்டும் ஆட்டு, டம்ளரை நான் மாத்திடுறேன்'னு. போன வாரம் டெஸ்ட் எடுத்தாங்க, எல்லாம் நார்மல்."

"அப்ப இங்க வந்த பாட்டில் எல்லாம்?"

"மாமா ஒரு பெட்டி முழுக்க வாங்கி வச்சிட்டாருப்பா. வீட்ல இருந்தாத்தானே வம்புன்னு அத்தையும் நானும்தான் ஒண்ணொண்ணா உங்களுக்குக் குடுத்து விட்டோம். நீங்க எதையும் சந்தேகப்படாம தொட மாட்டீங்களே, அலமாரியில பத்திரமா கிடக்கும்னு நெனச்சோம்."

"இப்ப உங்க மேஜைல இருக்கிறது?"

சிரிப்புதான் வந்தது. பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் சிரிப்பும் கேட்டது. ஒரு மாதமாக அந்தப் பாட்டிலில் இருப்பது சம்பந்தியம்மா தண்ணீரில் காய்ச்சி ஊற்றும் சாதாரணச் சர்க்கரையாம். தீர்ந்துபோனால் தாங்கள் இன்னொரு பெட்டி வாங்கிவிடுவீர்களே என்று. தாங்கள் அதை டீயில் விட்டுக் குடித்துவிட்டு, "பாத்தீங்களா, இது வந்ததுக்கப்புறம்தான் முழங்கால் எப்படி லேசா இருக்கு!" என்று எழுந்து நடந்து காட்டுகிறீர்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறது, "அத்தை, நீங்க சொல்லுங்க, என்னால முடியல" என்கிறாள். என் மகள் இப்படிச் சிரித்து நான் இதுவரை கேட்டதில்லை, சம்பந்தி. அவள் அந்த வீட்டில் தனியாக இல்லை.

ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாகக் கருதவும். தங்களிடம் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருப்பதால், இந்தப் பின்குறிப்பையும் தாங்கள் படிக்கவில்லை. பாட்டிலை மேஜையிலிருந்து எடுக்க வேண்டாம். தங்களுக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்றாலும், இரண்டு ஸ்பூனை அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடித்து முடித்ததும் முழங்கால் லேசாகிவிட்டது என்று எழுந்து நடந்து காட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.