அமைதியாரின் இடது கை

பொழுது விடிவதற்குள்ளேயே, எப்போதோ மூடிப்போன அந்தச் சினிமாக் கொட்டகையின் வாசலில் கூட்டம் நெரிந்தது. அமைதி தேடி வந்த கூட்டம். ஆகையால் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டும், "நான்தான் முதல்ல வந்தேன்!" என்று கத்திக்கொண்டும் நின்றது. போன வாரம் முன்வரிசை நாற்காலிக்காக இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இருவருமே கோபத்தை வெல்லும் வகுப்பின் மூத்த மாணவர்கள்.

உள்ளே அமைதியார் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்டால் புன்னகைப்பார். கேட்காவிட்டாலும் புன்னகைப்பார். தொளதொளவென்று ஒரு வெள்ளை அங்கி. அதன் கைக்குள் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கலாம்.

அவர் கற்றுக்கொடுத்தவை நல்ல பழக்கங்கள்தான். நேரத்தோடு தூங்கு. எழுந்ததும் கொஞ்சம் நட. கண்ணாடியில் உன்னையே பார்த்துச் சிரி. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி "என்னால் முடியும்" என்று மூன்று முறை உரக்கச் சொல். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரத்தோடு தூங்கினால் உடம்புக்கு நல்லது என்பதைச் சொல்ல ஒரு கொட்டகையும் ஒலிபெருக்கியும் எதற்கு என்பது வேறு விஷயம்.

ஆனால் கூட்டம் இதற்காக வரவில்லை. நல்ல பழக்கத்துக்கு எந்த ஊரில் கூட்டம் கூடியிருக்கிறது? கூட்டம் வந்தது நாடிக்காக.

வகுப்பு முடியும் நேரத்தில் அமைதியார் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இடது கையை நீட்டுவார். கூட்டத்திலிருந்து ஒருவர் ஏறிப்போய் அந்த மணிக்கட்டில் விரல் வைப்பார். நாடி துடிக்கும். அமைதியார் கண்ணை மூடுவார். துடிப்பு மெலியும், இன்னும் மெலியும், அப்புறம் இருக்கவே இருக்காது. கை பிடித்தவர் வெலவெலத்துப்போய், "நின்னுடுச்சு!" என்பார். கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"மனசுல அலை அடங்கினா ரத்தத்துலயும் அலை அடங்கிடும்" என்பார் அமைதியார். நாடி நின்றவர் பேசுகிறாரே என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த நிலையிலேயே வலது கையால் ஒரு தட்டிலுள்ள கற்களை ஒவ்வொன்றாகத் தொடுவார். அமைதிக் கல். பார்த்தால் ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி இருக்கும். ஆற்றில் கிடந்த கூழாங்கல்தான். ஆனாலும் நாடி நின்ற கை தொட்டதல்லவா? சட்டைப்பையில் இதயத்தின் பக்கமாக வைத்துக்கொண்டால் பயம் அண்டாது, நோய் அண்டாது. கல்லுக்கு விலை கிடையாது, அன்பளிப்புதான். அன்பளிப்பு எவ்வளவு என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள்.

ஒரு பல் டாக்டரே மேடையேறிக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொன்னார். அதற்குப் பிறகு சந்தேகப்பட யாருக்குத் தைரியம் வரும்?

இந்தக் கூட்டத்தில் ஒரு லிஃப்ட் கம்பெனிக்காரரும் இருந்தார். லிஃப்ட் செய்கிறவர் அல்லர், ஓட்டுகிறவரும் அல்லர். புகார் கேட்கிறவர். நகரத்தில் யார் எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாலும், அவர்கள் வாயில் வருவதெல்லாம் தொலைபேசி வழியாக இவர் காதில் வந்து விழும். "ஐயா, பட்டனை அழுத்திக்கிட்டே இருக்காதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். மேலாளர் கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். கடைக்காரர் அழுகிய தக்காளியைப் போட்டாலும் "பரவாயில்லை" என்று வாங்கி வருவார். ரத்தக்கொதிப்பு வந்தது. டாக்டர் தினமும் ஒரு மாத்திரை எழுதினார். "இதை நீங்களா நிறுத்தக் கூடாது" என்றும் சொன்னார்.

அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனது மைத்துனர்; மனைவியின் அண்ணன். தொழில் ஆடிட்டர். ஊரார் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுகிற மூளை. அந்த மூளையை வாசலில் குடையோடு சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

லிஃப்ட் கம்பெனிக்காரரின் மனைவி ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஒருநாள் காலை குளியலறை அலமாரியைத் துடைத்தவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருக்கு. போடறதில்லையா?"

"இனிமே வேணாமாம்."

"டாக்டர் சொன்னாரா?"

"அமைதியார் சொன்னார். மாத்திரைங்கறது பயம் போட்ட குட்டியாம். பயம் போச்சுன்னா குட்டிக்கு இங்க என்ன வேலைன்னார்."

"அவரு எங்க படிச்சாரு?"

"அவரு படிக்கல. உணர்ந்தாரு."

சட்டைப்பை கல்லின் கனத்தில் ஒரு பக்கமாகத் தொங்கியது. அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"நாடியே நிக்குதும்மா! நானே என் கையால பிடிச்சுப் பார்த்தேன்" என்றார் ஆடிட்டர். "உனக்கு என்ன தெரியும்? விசில் ஊதத்தான் தெரியும்."

"ரெண்டு கையிலயும் நின்னுச்சா அண்ணே?"

"ஒரு கையில நின்னாப் போதாதா? ரெண்டு கைக்கும் ஒரே இதயம்தானே?"

"அதான் அண்ணே நானும் கேக்கறேன்."

ஆடிட்டர் போனை வைத்துவிட்டார். தங்கைக்கு நம்பிக்கை போதாது என்று வருத்தப்பட்டுக்கொண்டாராம்.

அடுத்த வாரமே, யாரோ ஒருவர் லிஃப்டுக்குள்ளிருந்து வைதுகொண்டிருக்கையில், லிஃப்ட் கம்பெனிக்காரர் நாற்காலியோடு சாய்ந்தார். மறுமுனையில் இருந்தவர் வெகுநேரம் வைதாராம். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆளை அவர் கண்டதே இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைக் கழற்றிய டாக்டர் கையில் கல் கிடைத்தது.

"இது என்ன?"

"கல்லு டாக்டர்" என்றாள் மனைவி.

"கல்லா! எந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி எடுத்தது?"

"உடம்புல இருந்து எடுத்ததில்ல. சட்டைப்பையில இருந்தது."

டாக்டர் கல்லை மேஜையில் வைத்தார். "கொதிப்பு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். மாத்திரைய நிறுத்தச் சொன்ன புண்ணியவான் யாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கட்டிலில் கிடந்தவர் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார். உதடு காய்ந்திருந்தது. மெதுவாகச் சொன்னார்: "கல்லை அன்னிக்கு வலப்பக்கப் பையில வெச்சுட்டேன்னு நினைக்கறேன். என் தப்புதான்."

அவள் வெளியே போய் சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை என்று எழுதினால் பொய். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "வீட்டுக்குப் போனதும் ஒருநாள் நானும் உங்களோட வரேன். நான் நினைக்கறது தப்புன்னா நானும் ஒரு கல்லு வாங்கிக்கறேன்" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. பாவம்.

உடம்பு தேறியது. மாத்திரையை அவள் கண்ணெதிரே விழுங்கினார். கொட்டகைக்குப் போனார்கள். மேடையில் நாடி பிடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் விளையாட்டு டீச்சர் எழுந்து நடந்தாள். "ஏய், உட்காரு!" என்று ஆடிட்டர் முணுமுணுப்பதற்குள் படியேறிவிட்டாள்.

அமைதியார் புன்னகையோடு இடது கையை நீட்டினார். அவள் விரல் வைத்தாள். நாடி நன்றாகத் துடித்தது. அமைதியார் கண்ணை மூடினார். மெலிந்தது. நின்றது.

"நின்னுடுச்சு" என்றாள் அவள். உண்மையைச் சொல்ல அவள் தயங்கவில்லை. கொட்டகை ஆர்ப்பரித்தது. ஆடிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வலது கையைக் கொஞ்சம் குடுங்க ஐயா."

"அது கொடுக்கிற கைம்மா. பிடிக்கிற கை இல்ல."

"சரிங்க" என்றவள், பள்ளியில் ஓடி முடித்த பிள்ளைகளுக்குப் பார்ப்பதுபோல அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். அமைதியார் திடுக்கிட்டுக் கண் திறந்தார். அவள் மைக்கின் பக்கம் குனிந்தாள்.

"கழுத்துல ஓடுதுங்க. நல்லாவே ஓடுது. நூறு மீட்டர் ஓடின பொண்ணுக்குக்கூட இவ்வளவு வேகமா அடிக்காது."

கொட்டகையில் ஒரு சலசலப்பு. இப்போதாவது சந்தேகம் வந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நம் மக்களைத் தெரியாது.

முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். "கழுத்து தலையைச் சேர்ந்தது. தலைக்குத் தனி ஓட்டம்" என்றார்.

"ஆமா, கைதான் கணக்கு!" என்றார் ஆடிட்டர்.

அமைதியாருக்குப் புன்னகை திரும்பியது. "சந்தேகமும் ஒரு நோய்தான்" என்றார் கனிவாக.

"அப்படியே இருக்கட்டும். நோய் போறதுக்கு உங்க பழக்கத்தையே செய்வோம்" என்றாள் அவள். கூட்டத்தைப் பார்த்து, வாரம் முழுக்கப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரலில் சொன்னாள்: "எல்லாரும் எழுந்திரிங்க! ரெண்டு கையும் மேல!"

கொட்டகை எழுந்தது. கட்டளை என்றால் எழுந்துவிடும் நல்ல கொட்டகை. அத்தனை கைகளும் உயர்ந்தன. "என்னால் முடியும்!"

அமைதியார் வலது கையைத் தூக்கினார்.

"இன்னொரு கை ஐயா."

"நாடி நின்ன கை. அசைக்கக் கூடாது."

"என்னால் முடியும்!" என்றது கொட்டகை இரண்டாம் முறை. அமைதியார் நெற்றி வியர்த்தது.

"குரு தூக்காம நாங்க எப்படிச் சாமி இறக்கறது? தோள் வலிக்குது!" என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் கெஞ்சினாள். நல்ல எண்ணத்தில்தான்.

"என்னால் முடியும்!" என்றது மூன்றாம் முறை. வேறு வழியில்லை. அமைதியார் இடது கையை மெல்ல, மிக மெல்ல, முழங்கை விலாவை விட்டுப் பிரியாமல் தூக்கப் பார்த்தார். அங்கிக்குள் ஏதோ நழுவியது. ஒரு சிவப்பு ரப்பர் பந்து மேடையில் விழுந்து, துள்ளித் துள்ளிப் படியிறங்கித் தலைமையாசிரியர் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் அமைதியாரிடமே நீட்டினார்.

டீச்சர் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, மேல வாங்க. இதை அக்குள்ல வெச்சு நல்லா அழுத்துங்க. பல் டாக்டர் ஐயா, நீங்களும் வாங்க. எங்க அண்ணன் கையப் பிடிச்சுப் பாருங்க."

ஆடிட்டர் அழுத்தினார். பல் டாக்டர் பிடித்தார். அவர் முகம் போன போக்கு, தானே தன் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் முகம்போல இருந்தது.

"இல்லை" என்றார் ஈனமாக.

"வாழ்த்துக்கள் அண்ணே. நீங்களும் ஞானியாயிட்டீங்க."

கொட்டகையில் முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் பத்துப் பேர். அமைதியார் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, "பந்து ஒரு பயிற்சிக் கருவி..." என்று ஆரம்பித்தார். அதற்கும் தலையாட்டச் சிலர் இருந்தார்கள்.

அப்போது கூட்டத்தின் நடுவில் லிஃப்ட் கம்பெனிக்காரர் எழுந்து நின்றார். முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் நாலு பேர் நடுவில் குரல் உயர்த்தியதில்லை.

"எனக்கு மாத்திரை வேணாம்னு சொன்னீங்களே" என்றார். மறுபடியும் தொடங்கினார். "நான் செத்திருப்பேன். செத்திருந்தா, நம்பிக்கை பத்தலன்னு இதே மேடையில சொல்லியிருப்பீங்க. நானே என் தப்புன்னுதான் நினைச்சேன். இன்னும் எத்தனை பேரை நிறுத்தச் சொன்னீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. "எனக்குச் சர்க்கரை மாத்திரை." இன்னொரு கை. "என் மகனுக்கு வலிப்பு மருந்து." அப்புறம் நிறையக் கைகள். இந்தக் கைகளைத் தூக்க யாரும் கட்டளையிடவில்லை.

டீச்சர் மைக்கை அமைதியார் வாயருகே நீட்டினாள். "சொல்லுங்க. நிறுத்தினவங்க எல்லாம் இன்னிக்கே டாக்டரப் பாருங்கன்னு சொல்லுங்க."

அமைதியார் சொன்னார். அந்த மேடையில் அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். சொல்லிவிட்டுப் பக்கக் கதவு வழியே கிளம்பினார். நாடி நின்ற மனிதருக்கு நல்ல ஓட்டம்.

கூட்டம் அவரைத் துரத்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. கூட்டம் டீச்சரைச் சூழ்ந்துகொண்டது. பாதிப் பேர் கண்ணில் அதே பழைய பக்தி.

"எப்படிம்மா இவ்வளவு தைரியமா, அமைதியா நின்னீங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியர், பேனாவைத் திறந்தபடி. "உங்க பழக்கம் என்ன? எங்களுக்கும் ஒரு வகுப்பு எடுங்களேன்."

அவளுக்குக் கால் வலித்தது. கணவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"பழக்கமெல்லாம் ஒண்ணுமில்ல சார். யாரு எதைச் சொன்னாலும், 'அப்படியா, எப்படி?'ன்னு ஒரு தடவ கேட்டுப் பார்ப்பேன்."

தலைமையாசிரியர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்து கேட்டார்:

"இதை வெறும் வயித்துல செய்யணுமா, சாப்பிட்ட பிறகா?"

"வயிறு காலியா இருந்தாலும் பரவாயில்ல சார்" என்றாள் டீச்சர். "தலை காலியா இருக்கக் கூடாது."