மினிட்டுக்கு நான் எடுத்த வகுப்பு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அரைகுறையாகத் தெரிந்ததை, முழுசாகத் தெரிந்தவனைவிடச் சத்தமாகச் சொல்வேன். (இன்னும் போகவில்லை என்கிறாள் என் மனைவி.) அதனால் ஒரு வேலையே கைநழுவியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். தி.நகரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் ஆபீஸ் அசிஸ்டென்ட் வேலை, ஒரே ஒரு இடம். நானும் அக்கா வசந்தியும் மயிலாப்பூரிலிருந்து ஒரே பஸ்ஸில் இன்டர்வியூவுக்குப் போனோம். அப்பா ரிட்டயர் ஆக இரண்டு மாதம்தான் இருந்தது. “ரெண்டு பேர்ல யாருக்காவது கிடைச்சே ஆகணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். ‘யாருக்காவது’ என்றால் எனக்கு என்று எடுத்துக்கொண்டேன். நான் பி.காம். பையில், லஸ் முனை நடைபாதைக் கடையில் வாங்கிய ஆங்கில அகராதி வேறு.

வராந்தாவில் பத்துப் பேர். முதலில் உள்ளே போன கோடம்பாக்கத்துக்காரர் வெளியே வந்ததும், வழக்கப்படி எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

“என்ன கேட்டாங்க?”

“ஒரு பேப்பர்ல மினிட்டுன்னு இங்கிலீஷ்ல எழுதிக்கீது நைனா. இதுக்கு எத்தினி அர்த்தம், எப்படியெல்லாம் சொல்லணும்னு கேக்குறாரு. நிமிஷம்னேன். அப்பால இன்னான்னாரு. வந்துட்டேன்.”

புத்தியுள்ளவன் அகராதியைத் தனியாக எடுத்துப் போய்ப் பார்த்திருப்பான். நான் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து வகுப்பே ஆரம்பித்துவிட்டேன். நிமிஷம், மிகச் சிறிய, மீட்டிங்கில் பேசியதன் குறிப்பு. அர்த்தமெல்லாம் சரிதான். உச்சரிப்புக்குத்தான் புழு நெளிகிற மாதிரி ஏதோ குறிகள் போட்டிருந்தார்கள்.

“நிமிஷத்துக்கு மட்டும்தான் மினிட். மத்ததுக்கெல்லாம் மைனூட். மீட்டிங் குறிப்புன்னா மைனூட்ஸ்” என்று தீர்ப்பு வழங்கினேன். ஏழு பேர் சொல்லிப் பழகினார்கள். ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தாள். “டேய், டைப்ரைட்டிங் கிளாஸ்ல மீட்டிங் குறிப்பை மினிட்ஸ்னுதானேடா சொல்வாங்க?”

“உங்க டைப்ரைட்டிங் மாஸ்டரா அகராதி எழுதினார்? சொல்றதைச் சொல்லு.”

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

கடைசி ஆள் நான். உள்ளே இருந்த அதிகாரி களைத்துப்போயிருந்தார். நான் வாயைத் திறந்து “மைனூட்ஸ்” என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“காலையிலேர்ந்து நீங்க எட்டாவது ஆள். அஞ்சாவது ஆள்கிட்ட எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. யார் இதைச் சொல்லிக் கொடுத்தது?”

“நான்தான் சார்” என்றேன், பெருமையாக. பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“மிகச் சிறியன்னா மட்டும்தான் தம்பி மைன்யூட். மீட்டிங் குறிப்பு மினிட்ஸ்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். “இல்லை சார், அகராதியில போட்டிருக்கு” என்று பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

“குறிகளை எப்படிப் படிக்கணும்னு முன்பக்கத்துல இருக்குமே, அது எங்கே?”

அந்தப் பக்கங்களே இல்லாமல்தான் கடைக்காரர் என் தலையில் கட்டியிருந்தார். அகராதியை அவசரமாகப் பையில் திணித்துக்கொண்டேன்.

வேலை, ‘மினிட்ஸ்’ என்றே சொன்ன அக்காவுக்குக் கிடைத்தது. வருத்தமாகத்தான் இருந்தது, பொறாமையும் இருந்தது. சேர்ந்த மாதமே அவள் எனக்கு ஒரு புது அகராதி வாங்கி வந்தாள். முன்பக்கங்கள் இருக்கின்றனவா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்து வாங்கினாளாம்.

அப்பாவுக்கு இப்போது தொண்ணூறு. யார் வீட்டுக்கு வந்தாலும் என்னைக் காட்டி இதைச் சொல்லாமல் விடமாட்டார்: “வசந்திக்கு வேலை வாங்கிக் கொடுத்தது இவன்தான். போட்டிக்கு வந்த ஏழு பேரையும் ஒத்தை ஆளா அடிச்சுப் போட்டுட்டு, கடைசியில தானும் விழுந்தான்.”