மச்சானின் மூக்கும் எங்கள் கம்பெனி ரகசியமும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் தங்கையும் சுகமாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன். சில நாட்களாக அவள் என்னோடு பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள், முக்கியமாக உங்கள் மூக்கு நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அந்த மூக்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவீர்களே, இந்த மாதம் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம். கோபப்படாமல் முழுவதும் படியுங்கள்.

நான் ஒரு சோப்புக் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். நீங்களோ எங்களோடு போட்டி போடும் சோப்புக் கம்பெனியில் வாசனை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பெரிய அதிகாரி. இதனால் நமக்குள் இதுவரை ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. நீங்கள் உங்கள் சோப்பை உயர்த்திப் பேசுவீர்கள், நான் எங்கள் சோப்பை உயர்த்திப் பேசுவேன், இரண்டுமே நுரைக்காது என்பாள் உங்கள் தங்கை, சாப்பிட்டுவிட்டு நான் தூங்கப் போய்விடுவேன். இப்போது எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு சோப்பு செய்கிறோம். அதன் வாசனை பரம ரகசியம். அது எலுமிச்சையும் மழையில் நனைந்த மண்ணும் சேர்ந்த வாசனை என்பதை நான் உங்களிடம் சொல்லவே மாட்டேன். அடுத்த மாதம் கடைக்கு வருகிறது என்பதையும் என் வாயிலிருந்து யாரும் வாங்க முடியாது. எங்கள் மேலாளர் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினார். "ரகசியம் வாய் வழியா மட்டும் போறதில்ல. குப்பைத்தொட்டி வழியா போகும், கம்ப்யூட்டர் திரை வழியா போகும், லிப்ட்ல பேசுற பேச்சு வழியா போகும்" என்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து விடாமல் தலையாட்டியதைப் பார்த்து என்னையே ரகசியக் காப்புப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார். நான் தூங்கி விழுந்ததைத்தான் அவர் அப்படி நினைத்துவிட்டார் என்று உங்கள் தங்கை சொல்வாள், அதை நம்ப வேண்டாம்.

பொறுப்பு வந்ததும் சும்மா இருக்க முடியுமா? எந்தக் காகிதமும் முழுசாக வெளியே போகக் கூடாது என்று கையில் கிடைத்ததையெல்லாம் கிழித்தேன். கிழித்த வேகத்தில் மேலாளர் குடும்பத்தோடு ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த டிக்கெட்டும் போயிற்று. கம்ப்யூட்டருக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாத கடவுச்சொல் வைத்தேன், அதை என்னாலும் கண்டுபிடிக்க முடியாமல் போனதில் கிடங்கு விவரம் எல்லாம் உள்ளேயே மிகவும் பத்திரமாக இருந்தது. இதெல்லாம் பரவாயில்லை மச்சான், வினையே வாசல் காவலாளியால் வந்தது. அவரை மீசை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தினமும் சாயங்காலம் எல்லோர் பையையும் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார். அன்றைக்கு என் பையில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சார், கம்பெனிச் சொத்து எதையும் வெளிய விடக் கூடாதுன்னு நீங்கதான் உத்தரவு போட்டீங்க. இந்த வாசனை கம்பெனிச் சொத்தா இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே. பொழுதெல்லாம் கிடங்கில் நிற்கிறவன் உடம்பில் வேறு என்ன வாசனை வரும்? இருவருமாகப் போய் மேலாளரைக் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "குளிச்சிட்டுப் போங்க" என்றார். குளிக்கப் போனேன். சோப்புத் தொழிற்சாலைக் குளியலறையில் என்ன சோப்பு இருக்கும், சொல்லுங்கள்? அதேதான். தேய்க்கத் தேய்க்க ரகசியம் கூடிக்கொண்டே போயிற்று.

அந்த மணத்தோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பித் திரும்பி மூச்சு இழுக்கிறார்கள், நான் ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அந்த நேரம் பார்த்து மேலாளர் போன் செய்தார். புது சோப்பின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது அல்லவா, அதற்காக நானே யோசித்து "மாப்பிள்ளை" என்று ஒரு சங்கேதப் பெயர் வைத்திருந்தேன். பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாகவே, "மாப்பிள்ளைய நேத்தே கொதிக்க வெச்சாச்சு சார். இப்ப ஆறிட்டு இருக்காரு. காலைல துண்டு போட்டு அட்டைப் பெட்டில அடைச்சிடறோம்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால், என்னைச் சுற்றி ஓர் ஆள் இல்லை. ஓட்டுநர் பஸ்ஸை நேரே காவல் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "யாருய்யா அந்த மாப்பிள்ளை?" என்றார் இன்ஸ்பெக்டர். "சொல்ல முடியாது சார், கம்பெனி ரகசியம்" என்றேன். "எங்கய்யா வெச்சிருக்கீங்க?" "கிடங்குல சார். ஆயிரத்துக்கு மேல இருப்பாரு." இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, "அது இருக்கட்டும், நீங்க என்ன சோப்பு போடறீங்க? நல்லா இருக்கே" என்றார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை மச்சான். மேலாளரே ஓடி வந்து உண்மையைச் சொல்லித்தான் என்னை மீட்டார். ஆக, ரகசியத்தை வெளியிட்டது அவர்தானே தவிர நான் இல்லை. இருந்தும் என்னைத்தான் தெருவில் நிறுத்தி வைத்து, "இன்னொரு தடவை ஏதாவது வெளிய போச்சு, உங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார். அதோடு விட்டாரா? "உங்க சொந்தத்துல யாராவது போட்டிக் கம்பெனில இருக்காங்களா?" என்று ஒரு கேள்வி. நான் பதறிப்போய், "ஒருத்தர் இருக்காரு சார், தூரத்துச் சொந்தம்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி கெட்டுப்போயிற்று. "கூடப் பொறந்த எங்க அண்ணன் உங்களுக்குத் தூரத்துச் சொந்தமா?" என்று பிடித்துக்கொண்டாள். "அவரு இருக்கறது தூரத்து ஊருதானே" என்று சமாளித்தேன், எடுபடவில்லை. இந்த மாதம் அண்ணன் வர வேண்டாமே என்று சொன்னதும், வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். காரணம் கேட்டால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் மச்சான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து, "ம்ம்" என்று தலையாட்டுவீர்களே, அந்த ஒரு மூச்சில் எங்கள் சோப்பு மொத்தமும் உங்கள் மண்டைக்குள் போய்விடும். உங்கள் மீது சந்தேகம் இல்லை, உங்கள் மூக்கு உங்கள் பேச்சைக் கேட்குமா என்பதுதான் சந்தேகம். இந்த வேலை போனால், இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. ஆகவே இந்த ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். உங்கள் கம்பெனி நன்றாக விளங்கட்டும், எங்கள் கம்பெனியைவிடக் கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
உங்கள் மிக நெருங்கிய சொந்தம்
(பெயர் போடவில்லை, கடிதம் யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்ததும் ஒருவழியாக வாய் திறந்தாள். "எங்க அண்ணன் மூக்குக்கா இவ்வளவு பயந்தீங்க? அவருக்கு வாசனையே தெரியாதுங்க. முன்னாடி ஒரு ஜுரம் வந்து படுத்தாரே, அதுல போனது திரும்ப வரவே இல்ல. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. மாசாமாசம் அந்தப் பைல சோப்பு சோப்பா கொண்டு வர்றாரு, நான்தான் மோந்து பாத்து எது நல்லாருக்குன்னு சொல்றேன். நீங்க அப்ப உள்ள குறட்டை விட்டுட்டு இருப்பீங்க" என்றாள். "அப்ப எங்க சோப்பு?" என்றேன். "உங்க சட்டையத் துவைக்கறது யாரு? எலுமிச்சை கொஞ்சம் தூக்கல். உங்க கம்பெனில பண்ணும்போது கொறச்சுப் போடுங்கண்ணேன்னு போன மாசமே அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே." மச்சான், எங்கள் கம்பெனி விதிப்படி ரகசியம் வெளியே போனது தெரிந்தால் உடனே ரகசியக் காப்புப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கடுமையாகக் கண்டித்து, விஷயம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். எனவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், பையை மறந்துவிடாதீர்கள், உங்கள் வேலையும் நிலைக்கட்டும். வந்ததும் எங்கள் சோப்பில் எலுமிச்சையை எவ்வளவு குறைக்கலாம் என்று அவளிடம் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டால், அது அண்ணன் கம்பெனி ரகசியம் என்கிறாள்.