எம்மெட்டின் காதுக்குள் ஒரு குரல்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாறு இனிமேல் இரண்டு பாகமாகத்தான் எழுதப்படும்: இந்தச் சனிக்கிழமைக்கு முன், இந்தச் சனிக்கிழமைக்குப் பின். ஹாலோவே கல்லூரி அணியின் தாக்குதல் பயிற்சியாளர் ரஸ்ஸல் டிட்வெல் காலைக் கூட்டத்தில் இப்படி அறிவித்தார். அறிவித்துவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நிறுத்தினார்.

"கோச், வாளி எங்க?" என்றான் எம்மெட் ஹாகன்.

எம்மெட் முதலாம் ஆண்டு மாணவன். அணியின் குவாட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று மூச்சு விடுவதற்குள் முடிவு செய்ய வேண்டும். தாமதித்தால் எருமைக் கன்று கனத்தில் இரண்டு பேர் மேலே வந்து விழுவார்கள். அந்த நினைப்பிலேயே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவனுக்கு வயிற்றைப் புரட்டும். அணிக்கு இது பழகிப்போயிருந்தது. ஹெல்மெட், சட்டை, துண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வெர்னா, துண்டு மடிப்பதை நிறுத்தாமலே வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

டிட்வெல் அதைக் கண்டுகொள்ளவில்லை. கையில் ஒரு ஹெல்மெட்டை உயர்த்திப் பிடித்தார். "இதுக்குள்ள ஒரு குட்டி ரேடியோ இருக்கு. அணியிலேயே இந்த ஒரு ஹெல்மெட்டுலதான். இனிமே ஓரத்துல நின்னு கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டற வேலை கிடையாது. நான் மாடத்துல உக்காந்து பேசுவேன். எம்மெட், என் மூளை உன் காது வழியா உன் கைக்கு வந்துடும்!"

எம்மெட் வாளிக்குள்ளிருந்து தலையாட்டினான்.

வரலாற்றை இப்படி அவசரமாகப் பிரிக்க டிட்வெல்லுக்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் தலைமைப் பயிற்சியாளர் ஹாய்ட் பார்லோ அவரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார்.

"ரஸ்ஸல், பையன் எறியற பந்தை நம்ம ஆளுங்களை விட எதிராளிங்கதான் அதிகமாப் பிடிக்கறாங்க. நாளைக்கும் தோத்தா, திங்கக்கிழமை உன் நாற்காலியில வேற ஒருத்தன் உக்காந்திருப்பான்."

"பையனைத் தேத்திக் காட்டறேன் ஹாய்ட்."

"பையன் கிடக்கட்டும். நீ உன் வாயைக் குறை."

மைதானத்தின் உச்சியில் கண்ணாடி மாடம். நவம்பர்க் குளிர் உள்ளே வராது. டிட்வெல் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் உதவியாளர் கர்ட் லிண்ட், கிண்ணத்துச் சில்லிக் கறிக்குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

ஆட்டம் தொடங்கியது. டிட்வெல் தொண்டையைச் செருமினார். "எம்மெட், வலது மூன்று, இடது நகர்வு, அறுபத்திரண்டு, நீலம், பொய்யோட்டம், ஆழம் இரண்டு. இதை நான் ஏன் சொல்றேன்னா..."

கீழே எம்மெட் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேருந்தைத் தவறவிட்டவனைப் போல நின்றான். எருமைக் கன்றுகள் வந்து விழுந்தன.

"ஏன்டா நிக்கறான்?"

"கோச், பந்தைக் கையில எடுக்கறதுக்குப் பதினஞ்சு நொடி முன்னாடியே ரேடியோ தானா அணைஞ்சிடும். அது விதி. நீங்க அதுக்கப்புறமும் பேசிக்கிட்டிருந்தீங்க."

"அப்ப வேகமாச் சொல்றேன்."

வேகமாகச் சொன்னார். ஏலக்கடையில் மாடு விற்பவன் கூட அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டான். எம்மெட் கேட்டது பாதி, புரிந்தது கால். பந்தைப் பத்திரமாக எதிரணிக்காரன் மார்பிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"காரணம் தெரியாம எறியறான். விளக்கத்தை முதல்ல சொல்லிடறேன், வியூகத்தோட பேரைக் கடைசியில சொல்றேன்."

விளக்கம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. பெயர் வருவதற்குள் ரேடியோ அணைந்தது. ஏன் என்பது நன்றாகத் தெரிந்து, என்ன என்பது தெரியாமல் எம்மெட் மல்லாந்து விழுந்தான்.

"பேரு நீளம்தான் பிரச்சினை" என்று டிட்வெல் கண்டுபிடித்தார். அங்கேயே, அந்த நிமிடமே, தன் வியூகங்களுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்தார். அவர் மனைவி சுடும் பலகாரங்களின் பெயர்கள். ஆப்பிள் பை என்றால் நடுவில் ஓட்டம். செர்ரி பை என்றால் வலது மூலைக்கு நீள எறி.

"கோச், செர்ரி பைன்னா என்னன்னு எம்மெட்டுக்கு யார் சொன்னது?"

கீழே எம்மெட் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் ஹாலோவே பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. டிட்வெல் மின்தூக்கியில் இறங்கி ஓடிவந்து, வெள்ளைப் பலகை முழுக்கப் பலகாரமாக எழுதித் தள்ளினார். எம்மெட் ஹெல்மெட்டை மல்லாத்தி மடியில் வைத்துக்கொண்டு, பட்டாணி சூப் நிறத்தில் உட்கார்ந்திருந்தான்.

"கோச், எனக்கு என்னமோ..."

"பேசாதே. நீ யோசிக்கவே வேண்டாம். உன் தலைக்குள்ள நான் இருக்கேன். புரியுதா? உன் தலைக்குள்ள!"

எம்மெட் இன்னும் கொஞ்சம் பச்சையானான். மின்தூக்கி மெதுவானது என்பதால் டிட்வெல் அதற்குமேல் நிற்காமல் ஓடினார்.

இரண்டாவது பாதியின் முதல் பந்து. "ஆப்பிள் பை" என்றார் டிட்வெல், தெளிவாக, சுருக்கமாக, ஒரே ஒரு தடவை. கர்ட் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

எம்மெட் ஓடுபவனிடம் பந்தைக் கொடுக்கவில்லை. பின்னால் இரண்டடி போய், இடப்பக்கம் நீளமாக எறிந்தான். ஹாலோவே ஆள் ஒருவன் பிடித்தான். மைதானம் எழுந்து நின்றது.

"நான் ஓடுன்னா இவன் எறியறான்!" டிட்வெல் மேஜையைக் குத்தினார். "டேய், ஆப்பிள் பைடா! ஆப்பிள்!"

"பந்து நாப்பது கஜம் போயிருக்கு கோச்."

"எவ்வளவு போனா என்ன, நான் சொன்னதைச் செய்யலையே!"

அடுத்ததும் அப்படியே. எறி என்றால் ஓடினான், ஓடு என்றால் எறிந்தான். கீழே எம்மெட்டைச் சுற்றி ஆட்டக்காரர்கள் வட்டமாகக் குனிந்து நின்றார்கள். ஒருவன் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். இன்னொருவன் அவனைத் தள்ளிவிட்டுத் தன்னைக் காட்டினான். எம்மெட் இருவரையும் பார்த்துத் தலையாட்டினான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. டச்டவுன், உதையோடு சேர்த்து ஏழு புள்ளி.

டிட்வெல் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார். ஜெயிக்கிறார்கள், ஆனால் அவருடைய ஒரு சொல்கூட நடக்கவில்லை. ஜெயித்தால் வேலை நிற்கும், சரி. ஆனால் மரியாதை? அவர் திட்டினார், கெஞ்சினார், எம்மெட்டின் வம்சத்தையே விசாரித்தார். பையன் அசரவில்லை. இன்னொரு டச்டவுன் போட்டுச் சமன் செய்தான்.

அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது.

"கர்ட், எங்க வீட்டுல பதினாறு வயசுல ஒண்ணு இருக்கு. கதவை மூடுன்னா திறக்கும், திறன்னா மூடும். இவனும் அந்த ஜாதிதான். இவன்கிட்ட தலைகீழாத்தான் சொல்லணும்!"

"ஆப்பிள் பைக்குத் தலைகீழ் என்ன கோச்?"

"நீ சில்லியைத் தின்னு."

எறிய வேண்டிய இடத்தில் ஓடச் சொன்னார். பையன் எறிந்தான். "பாத்தியா!" ஓட வேண்டிய இடத்தில் எறியச் சொன்னார். பையன் அதற்கும் எறிந்தான். ஆனால் குட்டையாக எறிந்தான் என்பதால் அது பாதி ஓட்டம்தான் என்று டிட்வெல் தீர்ப்பளித்தார்.

எதிரணி மூன்று புள்ளி எடுத்து மறுபடி முந்தியது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. மாடத்தில் கர்ட் நகத்தைக் கடித்தான். கீழே ஹாய்ட் பார்லோ அண்ணாந்து மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிட்வெல்லுக்கு வேண்டியது செர்ரி பை. ஆகவே ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிவைத்து, நடிகனைப் போலக் குழைந்தார். "எம்மெட், கண்ணு, ஆப்பிள் பை. நடுவுல ஓட்டம். பந்து காத்துல பறக்கவே கூடாது. வலது மூலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே."

எம்மெட் பந்தை வாங்கினான். வலது மூலையைப் பார்த்தான். எறிந்தான். பந்து வந்து சேர்ந்தபோது அங்கே ஹாலோவே சட்டை ஒன்று மட்டும்தான் இருந்தது.

"செர்ரி பை!" என்று அலறினார் டிட்வெல். "செர்ரி பை!"

"நேரம் இல்லாதப்போ எவனா இருந்தாலும் எறியத்தான் செய்வான்" என்றான் கர்ட். கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து நிருபர்கள் கூடினார்கள். ஒருவர் எம்மெட்டிடம் கேட்டார்: "ரெண்டாவது பாதியில கோச் உங்க காதுல என்னதான் சொன்னார்?"

எம்மெட்டின் முகம் சிவந்தது. வெர்னா நின்ற திசையை ஒரு தரம் பார்த்தான். "பெருசா ஒண்ணும் இல்லைங்க. ரொம்ப அமைதியா இருந்துச்சு."

"அந்த அமைதி இருக்கே," டிட்வெல் அவன் தோளில் கை போட்டார், "அது சும்மா வராது. ஒரு இளைஞனோட மனசுக்குள்ள இறங்கணும். நேராச் சொன்னா மறுக்கற வயசு. நான் தலைகீழாச் சொன்னேன். ஒவ்வொரு எறியும் நான் போட்ட கணக்கு. இது பயிற்சி இல்லை நண்பர்களே, உளவியல்!"

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். ஹாய்ட் பார்லோவே முன்னால் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரஸ்ஸல், உன் வாயைப் பத்தி நேத்து சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். அந்த வாய்தான் இன்னிக்கு நம்மளைக் காப்பாத்தியிருக்கு. இன்னும் மூணு வருஷத்துக்கு நாற்காலி உன்னுதுதான்."

டிட்வெல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமராக்கள் மின்னின.

அந்த வெளிச்சத்துக்குள் வெர்னா புகுந்து வந்தாள். கையில் ஈரம் சொட்டும் ஒரு ஹெல்மெட்.

"கோச், இந்த ரேடியோவை எப்படி அணைக்கறது? எம்மெட் இடைவேளையில இதுக்குள்ள வாந்தி எடுத்துட்டான். அவனுக்கு ஒரு சாதா ஹெல்மெட்டைக் கொடுத்துட்டு, இதைத் துடைச்சு அழுக்குத் துணிக் கூடை மேல காயவெச்சேன். அது என்னடான்னா ஆப்பிள், செர்ரின்னு வாய் ஓயாம கத்திக்கிட்டே கிடந்துச்சு. தொல்லை தாங்காம நாலு துண்டைப் போட்டு மூடிட்டேன்."