இடது வரிசை மிளகாய்ச் செடிகள்

இடது வரிசை மிளகாய்ச் செடிகள் வலது வரிசையைவிட ஒரு விரற்கடை குட்டை. கல்கத்தா பவானிபூர் வீட்டு மொட்டைமாடியில் வெங்கடநாராயணன் குனிந்து மறுபடியும் அளந்து பார்த்தார். இடதுதான் மகள் மாதவியின் வரிசை!

மாதவி சால்ட் லேக் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி செய்திருந்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் குட்டி மின்னல், பிளாஸ்மாவாம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தண்ணீரில் கரைத்து உரமாக்கிவிடும். உர ஆலைபோல எரிவாயு வேண்டாம், புகைக்கூண்டு வேண்டாம். கேனில் கொடுத்த அந்தத் தண்ணீர் இடதுக்கு, குழாய்த் தண்ணீர் வலதுக்கு. ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் பார்வையிட்டுத் தலையசைத்தால்தான் திட்டம் பிழைக்கும்.

"தண்ணி மட்டும் விடுப்பா. வேற கை வைக்காதே" என்றிருந்தாள் மாதவி.

வைக்காமல் இருக்குமா? முப்பது வருஷம் உரம் விற்ற கை. விவசாயிக்குக் காட்டும் வயலில் கம்பெனி பாத்திக்கு மட்டும் ஒரு பிடி கூடப் போட்டே பழகிய கை. இடதுக்கு ஒரு சிட்டிகை யூரியா போட்டார். செடி அசையவில்லை. ஒரு கரண்டி போட்டார். இலையெல்லாம் கருகிவிட்டது.

"ஏன்னா, குழந்தையோட செடியை என்ன பண்றேள்?" என்றாள் மனைவி விஜயா.

"நீ ஒண்ணும் பாக்கலை, கீழே போ!"

சாயங்காலமே லேக் மார்க்கெட்டுக்கு ஓடினார். அரை மணி நேரம் பேரம் பேசி, பாதி விலைக்கு எட்டுச் செடி வாங்கி வந்து, இருட்டுவதற்குள் நட்டு முடித்தார். கடைக்காரன் மிளகாய் என்று சத்தியம் செய்திருந்தான்; உர மூட்டை விற்றவருக்கு நாற்று அடையாளம் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஊதாப்பூ பூத்தது. கத்தரிக்காய்!

படியில் பூட்ஸ் சத்தம். அதிகாரிகள் மூவர், பின்னால் மாதவி. வெங்கடநாராயணன் செடிகளை மறைத்துக் கையை விரித்து நின்றார். மறைக்க முடியவில்லை. கையை இறக்கினார்.

"சார், மெஷின் மேல தப்பே இல்லை. யூரியா போட்டவன் நான், செடியை மாத்தினவனும் நான். அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்கோ."

மாதவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர். உதட்டிலோ அடக்க முடியாத சிரிப்பு.

அப்போது அடுத்த மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி மிதாலி பௌதியின் தலை தெரிந்தது.

"மாமா, மேஷோமஷாய், அவங்களை இங்கே அனுப்புங்க! மெஷின் தண்ணி ஊத்தின அசல் செடியெல்லாம் மூணு வாரமா எங்க மாடியிலதான் தளதளன்னு வளருது. 'பொண்ணு தோக்கறதை எங்கப்பா கையைக் கட்டிண்டு பாக்க மாட்டார்'னு மாதவி முதல் நாளே சொல்லிட்டா!"