சீட்டு மட்டும் சர்வீஸுக்கு

தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் என் வாழ்க்கையில் பாதி அவமானம் நடந்திருக்காது. மீதிப் பாதி, தெரிந்ததை அளவுக்கு மீறிச் செய்ததால் வந்தது. புனேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

அப்போது நான் புனேயை அடுத்த சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். ஔந்தில் வாடகை வீடு, கைமாறி வந்த பழைய கார். எங்களோடு இருந்த என் தங்கை சுதாவைப் பெண் பார்க்க, கோயமுத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மதிய ரயிலில் வருவதாக ஏற்பாடு.

"டாக்ஸி சொல்லிடலாம்" என்றாள் என் மனைவி வித்யா.

"நம்ம கார்ல கூட்டிட்டு வந்தாதான் மரியாதை."

"அப்போ உள்ளே வாக்குவம் போடுங்க. மிக்ஸர் கடை மாதிரி இருக்கு. கால் மணி நேர வேலைதான்."

கால் மணி நேர வேலையைக் கால் மணி நேரத்தில் முடிப்பவனெல்லாம் ஒரு இன்ஜினியரா? (அன்று நிஜமாகவே இப்படித்தான் நினைத்தேன்.) ஒரு தாளில் பதினான்கு படிகள் எழுதினேன். ஏழாவது படி, பின் சீட்டைக் கழற்றுவது. தூசி அதனடியில்தான் பதுங்கியிருக்கும் என்பது என் தொழில்முறைக் கருத்து. கழற்றிய சீட்டை, கேட் ஓரமாகக் கிடந்த பழைய சோபாவின் மேல் சாய்த்து வைத்தேன். அது கீழ்வீட்டு ஜோஷி மாமியின் சோபா.

பிறகு மாடியேறி, மூன்று எக்ஸ்டென்ஷன் வயர்களை ஒன்றோடொன்று இணைத்து பால்கனி வழியாக இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு டெம்போ வந்து நின்றது. டிரைவர் சோபாவையும் சீட்டையும் காட்டி, அண்ணாந்து மராத்தியில் கேட்டார்: "ஹே சகள ந்யாய்ச்ச கா?"

என் மராத்தி மொத்தமும் 'ஹோ' என்ற ஒரே சொல்தான். ஆமாம் என்று அர்த்தம். அவர் பேசியதில் 'நியாயம்' மட்டும் என் காதில் விழுந்தது. லீவு நாளில் ஒரு மனுஷன் தனியாக இத்தனை பாடுபடுவது நியாயமா என்று பரிவோடு கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். என்ன செய்வது, குடும்பஸ்தனுக்கு இதுதான் நியாயம் என்ற பெருமூச்சோடு, "ஹோ, ஹோ" என்றேன். வாக்குவம் கிளீனரின் நீள மூக்கைத் தேட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது சோபாவும் இல்லை, சீட்டும் இல்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டான். நீங்கதானே சரின்னீங்க?" என்றார் ஜோஷி மாமி இந்தியில். சோபாவை ஏரவாடாவில் ஒரு சைக்கிள் கடைக்குக் கொடுத்திருந்தாராம்.

"இப்பவாவது டாக்ஸி சொல்லலாம்" என்றாள் வித்யா. கேட்டேனா? பின்னால் சீட்டு இருந்த இடத்தில், வெறும் தகரத்தின் மேல் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் உட்கார்ந்தார். அப்பா பின்னால், முழங்கால் இரண்டும் தாடையைத் தொட. மூன்றாவது ஸ்பீடு பிரேக்கர் வரை பொறுத்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, சீட்டு எங்கீங்க?"

"சர்வீஸுக்குப் போயிருக்கு சார்."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "காரு போகலீங்களா? சீட்டு மட்டுந்தான் போச்சுங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாக, சீட்டு மட்டும் சர்வீஸுக்குப் போன கதையை எல்லாரிடமும் சொன்னார். சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். காபி கொண்டுவந்த சுதா, தட்டை வைத்த கையோடு சொன்னாள்: "சர்வீஸெல்லாம் இல்லீங்க. அண்ணன் பாஷை தெரியாம சீட்டைத் தூக்கிக் குடுத்துட்டாரு."

பெரியவர் சிரித்த சிரிப்பில் காபி வேட்டியில் கொட்டியது. "பொண்ணு பொய் சொல்லலை. அது போதுமுங்க" என்றார். (என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை.)

மறுநாள் ஏரவாடா போனேன். கடை வாசலில் மூன்று பேர் என் சீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மூலை முடுக்கெல்லாம் பிரஷ் போட்டு, ஒரு துளி தூசி இல்லாமல் வைத்திருந்தார்கள். நான் வாக்குவம் கிளீனரை ஆன் செய்யவே இல்லை.

கல்யாணம் நடந்தது; மாப்பிள்ளைக்கும் புனேயில்தான் வேலை. சுதாவின் மகள் இங்கேயே வளர்ந்தவள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், மராத்தி தண்ணீர் மாதிரி. என்னோடு காய்கறி வாங்க வந்தால், நான் வாயைத் திறக்குமுன் கடைக்காரரிடம் மராத்தியில் ஏதோ சொல்லிவைப்பாள். என்ன சொல்கிறாள் என்று ஒருநாள், இதற்குள் மராத்தி பழகிவிட்ட வித்யாவைக் கேட்டேன்.

"'மாமா ஹோ சொன்னாலும், என்னைக் கேட்டுட்டுக் குடுங்க'ன்னு சொல்றா."