முறுக்கத் தெரியாத போட்டுக்காரர்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் மயிலாடுதுறைக்கு வெளியே பூம்புகார் ரோட்டில் இன்று நிற்கிற பட்டறை நான் கட்டியது. முதலில் கீற்றுக் கொட்டகை போட்டேன், புயல் கொண்டுபோனது. அடுத்து தகரம் போட்டேன், ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் இடித்தார்கள். மூன்றாவது முறை காங்கிரீட்டே போட்டேன், இப்போது இடிக்கட்டும் பார்க்கலாம். பம்ப்செட்டில் ஆரம்பித்து பவர் டில்லருக்குப் போய், அங்கிருந்து பைக்குக்கு வந்தேன். பள்ளம் மேடு தாண்டிப் பாய்கிற பந்தய பைக்கை இந்த மாவட்டத்தில் முதலில் பிரித்துப் பூட்டிய கை இந்தக் கை. நான் முறுக்கிய நட்டு தானாகக் கழன்றது என்று ஒரே ஒருவர் வந்து சொல்லட்டும், பட்டறைச் சாவியை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அப்பேர்ப்பட்ட என் பட்டறையில், ஒரு நட்டைக்கூட முழுசாக முறுக்காத ஒரு மனிதர் எட்டு வருஷம் வேலை பார்த்தார். உலகத்திலேயே அப்படி ஒரு மெக்கானிக் அவர் ஒருவர்தான். பெயர் போட்டுக்காரர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்டால், "அது ரேஷன் கார்டுல இருக்குங்க" என்பார்.

பூம்புகார்க்காரர். சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுக்க ஃபைபர் படகு வந்ததே, அப்போது உடைந்த படகை ஒட்டுகிற வேலை கற்றுக்கொண்டவர். போட்டு என்றால் படகு, அதனால்தான் போட்டுக்காரர். ஒரு நாள் படகு எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ்ஸில் எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தாராம். எஞ்சினைச் சரிசெய்து கொடுத்தேன். அதை மருமகனிடம் அனுப்பிவிட்டு அவர் இங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வண்டியைப் படகாகத்தான் பார்ப்பார். கடல்காரர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். அடிபட்ட பைக்கோடு எவனாவது வந்தால், "தம்பி, அடி அணியத்துலயா, அமரத்துலயா?" என்று கேட்பார். பாதிப் பேர் பட்டறை மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

அவருக்கென்று பட்டறையில் ஒரு தனி இலாகா இருந்தது. பந்தய பைக்கில் டேங்க்கின் இரண்டு பக்கமும் ரேடியேட்டரை மூடி இறக்கை மாதிரி பிளாஸ்டிக் நிற்கும். ஷ்ரவுடு என்பார்கள், எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் காது. வண்டி விழுந்தால் முதலில் கிழிவது அதுதான். கோடையில் பட்டுக்கோட்டைப் பக்கம் வற்றின ஏரியில் பையன்கள் பந்தயம் ஓட்டினால், திங்கட்கிழமை என் பட்டறை வாசலில் கிழிந்த காதுகள் வாழைத்தார் மாதிரி தொங்கும்.

அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. நான் ஐந்து வகைப் பசை போட்டுப் பார்த்தேன். ஐந்தும் என் விரலில்தான் ஒட்டின. போட்டுக்காரர் பசையைத் தொடவே இல்லை. விரிசல் முடிகிற இடத்தில் ஊசியைக் காய்ச்சி ஒரு சின்ன ஓட்டை போடுவார், அதற்கு மேல் விரிசல் ஓடாது. பிறகு இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை போட்டு, வலை பின்னுகிற நைலான் நூலால் தைப்பார். அதே நிறத்தில் பழைய காது ஒன்றை வெட்டி, சால்டரிங் கம்பியால் தையல்மேல் உருக்கித் தேய்ப்பார். ஆறியபின் பார்த்தால் தழும்பு மாதிரிதான் இருக்கும். மறுபடி விழுந்தால் வேறு இடத்தில் கிழியும், தைத்த இடத்தில் கிழியாது.

போல்ட் ஓட்டை பிய்ந்திருந்தால் அதற்கு ரப்பர் வளையம் வேண்டும். கடையில் கிடைக்கும்தான். போட்டுக்காரருக்கு ஹவாய் செருப்பு ரப்பர்தான் வேண்டும். அதுவும் குதிகால் பக்கம், ஒரு வருஷம் மிதித்துப் பதப்பட்டதாக இருக்க வேண்டும். எங்கள் ஆறு பேர் செருப்பிலும் குதிகாலில் காலணா அளவு ஓட்டை இருந்தது. மழை நாளில் நாங்கள் நடந்த தடத்தைப் பார்த்தே, பட்டறை ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று ஊர் சொல்லிவிடும்.

ஒரு ஆயுத பூஜைக்கு ஆளும் கட்சியின் ஒன்றியச் செயலாளர் வந்தார். ஊரில் அவரை ஒன்றியம் என்றுதான் கூப்பிடுவோம். கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் மட்டும் எளிமைக்காக ஹவாய் செருப்பு. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுண்டல் சாப்பிட்டார். அன்று மாலை பொதுக்கூட்டத்துக்கு நடந்துபோகும்போது ஒரு கருங்கல் ஜல்லி குதிகால் வழியாக ஏறிவிட்டது. செருப்பைக் கழற்றிப் பார்த்தால் இரண்டிலும் ஓட்டை, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. எதிர்க்கட்சிக்காரன் வேலை என்று மேடையிலேயே பேசிவிட்டார். காவல் நிலையத்துக்கும் சொல்லி அனுப்பினார்.

நான் போட்டுக்காரரிடம் வாயைத் திறக்காதே என்று சொன்னேன். அவரோ மறுநாள் காலையில் நேரே ஒன்றியம் வீட்டுக்கே போய், "நான்தாங்க வெட்டுனேன். ஒண்ணும் வீணாப் போகல. உங்க செருப்பு இப்ப ஒரு சிவப்பு வண்டியில நல்லா ஓடிக்கிட்டிருக்குங்க" என்றிருக்கிறார். ஒன்றியம் சிரித்துவிட்டாராம். செய்ததை மறைக்க அந்த மனிதருக்குத் தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆகாது. காதை மாட்டும்போது மேலே டேங்க்கில் ஒரு போல்ட், அதையும் லூசாகத்தான் விடுவார். கீழே ரேடியேட்டர் பக்கம் போல்ட்டே கிடையாது. நைலான் நூலில் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, அவ்வளவுதான். வண்டி ஓடினால் காது இரண்டும் கன்றுக்குட்டிக் காது மாதிரி ஆடும்.

"என்னய்யா இது, பட்டறையா பூக்கடையா? நூல் போட்டுக் கட்டிருக்கே" என்பேன்.

"ஆடணுங்க முதலாளி. விழுந்தா நூல் அறுந்து காது மட்டும் போவும். போல்ட்டு போட்டா ரேடியேட்டரையும் சேத்துப் பிச்சிக்கிட்டுப் போயிரும்."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் போர்டுக்குக் கீழே நூல் தொங்குவது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. பட்டறையின் பெயரே என் கையின் இறுக்கத்தால் வந்தது.

அருள்தாஸ் என்று ஒரு பையன். இன்ஜினியர், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். தாத்தா பண்ணையாளாக இருந்து, நிலத்துக்காகக் கொடி பிடித்து அடிபட்டு, மூன்று மா நிலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஏக்கர். அப்பா சவரிமுத்து அதில்தான் சம்பா போடுவார். அருள் செகண்ட் ஹேண்டில் ஒரு பந்தய பைக் வாங்கியிருந்தான்.

அந்த வருஷம் அவர்கள் ஊர் வழியாக எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி வந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் வயலுக்குள் பொக்லைன் வருவது மட்டும் நிற்கவில்லை. ஊரே வரப்பில் உட்கார்ந்தது, வழக்கும் போட்டது. அருள் பைக்கை என்னிடம் விட்டு, எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும், நன்றாகப் பார்த்து வையுங்கள் என்றான். போட்டுக்காரர் வழக்கம்போலத் தைத்து, நூலால் கட்டி, ஆட விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார்.

அவர் போனதும் நான் அந்த நூலை அறுத்தேன். நல்ல ஸ்டீல் போல்ட் ஒன்று எடுத்து ரேடியேட்டர் பக்கம் போட்டு, பற்களைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். மேலே இருந்ததையும் முறுக்கினேன். மாலையில் அருள் வந்தான். காதைத் தட்டிப் பார்த்தான், ஆடவில்லை. "இப்பதான் கம்பெனி வண்டி மாதிரி இருக்கு மாமா" என்றான். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

மறுநாள் காலையில் தடையாணை வந்தது. நகல் மயிலாடுதுறையில் வக்கீலிடம் இருந்தது. வயலில் பொக்லைன் இறங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் ஆணையின் படத்தைப் போனில் காட்டினார்கள். முத்திரை போட்ட காகிதம் கொண்டுவா, அதுவரை வேலை நடக்கும் என்றார் அங்கிருந்த அதிகாரி. ரோட்டை போலீஸ் மறித்திருந்தது. அருள் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் பைக்கை விட்டான்.

பாதி வழியில் ஒரு மடையருகே சக்கரம் வழுக்கியது. பெரிய விழுதல்கூட இல்லை, மெதுவாகச் சாய்ந்தான். காது மதகுக் கல்லில் மாட்டியது. நூலாக இருந்தால் அறுந்திருக்கும். என் போல்ட் அறுமா? ரேடியேட்டரின் பக்கத்தையே பிய்த்துக்கொண்டு போனது. எஞ்சினைக் குளிர வைக்கிற பச்சை நிறக் கூலன்ட் முழுக்க வாய்க்காலில் ஊற்றிவிட்டது. அப்படியும் ஓட்டிப் பார்த்திருக்கிறான், கொஞ்ச தூரத்தில் எஞ்சின் சூடேறி இறுகி நின்றது. மீதி வழியை ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பொக்லைன் ஒரே ஒரு வயலைக் கடந்திருந்தது. பால் பிடிக்கிற கதிர். மூன்று மாவும் நடுவில் பிளந்து கிடந்தது. காகிதத்தைப் பார்த்து அடுத்த வரப்பில் வண்டி நின்றது. ஊர் தப்பியது. சவரிமுத்துவின் வயல் போனது.

இரண்டு நாள் கழித்து சவரிமுத்து உரச்சாக்கில் உடைந்த காதைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை.

"சண்டைக்கு வரலண்ணே. கால் மணி நேரம். கால் மணி நேரம் முன்னால வந்திருந்தான்னா என் வயலும் நின்னிருக்கும். இதுல யார் கை வச்சதுன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

பட்டறையே போட்டுக்காரரைப் பார்த்தது. காது அவருடைய இலாகா. அவர் சாக்கிலிருந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதில் இன்னும் போல்ட் இருந்தது. விரலால் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை. அப்படி முறுக்குகிற கை அந்த ஜில்லாவிலேயே ஒன்றுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இத்தனை கட்டடம் கட்டியவன், ரோட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டியவன் நான். குனிந்து ஒரு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான்தாங்க" என்றார் போட்டுக்காரர். "நான் கட்டுனது சரியில்லைங்க."

ஒன்றியத்திடம் சொன்ன அதே 'நான்தாங்க'. நான் கேட்ட அளவில் அவர் சொன்ன ஒரே பொய்.

சவரிமுத்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாகப் பிடித்து ஏன்யா அப்படிச் சொன்னே என்றேன். அவர் தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னார்: "போர்டுல உங்க பேருல்ல இருக்கு. போட்டுக்காரன் தப்பாக் கட்டுனான்னா வேற ஆளு கட்டுவாங்க. முதலாளியே தப்பா முறுக்குனாருன்னா அப்புறம் எவன் வருவான்? ஆறு பேரு சாப்புடுறோம்."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நைசாகக் கை கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் போட்டுக்காரர் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியே வண்டியை விட்டார்கள். அவர் பட்டறையைப் பெருக்கினார், ஸ்பேனர்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கினார். யார் செருப்பிலும் புதிதாக ஓட்டை விழவில்லை. ஒரு மாசம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போனவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒரு தடவை பூம்புகார் வரை போனேன். மணலில் கவிழ்த்த படகுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். சவரிமுத்து இன்றைக்கும் பொங்கலுக்குப் பரங்கிக்காய் கொடுத்தனுப்புகிறார். அதை என்னால் சாப்பிட முடிவதில்லை.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. பந்தயம் ஓட்டுகிற பையன்கள் எல்லோரும் ரேடியேட்டர் பக்கம் நூல்தான் கட்டுகிறார்கள். விழுகிறார்கள், நூல் அறுகிறது, எழுந்து ஓட்டுகிறார்கள். அந்தக் கட்டுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? என் பட்டறையின் பெயர். போன கோடையில் என்னைக் கூப்பிட்டு அதற்காக ஒரு துண்டு போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். குதிகாலில் ஓட்டை இல்லாத புதுச் செருப்பு. போட்டுக்காரர் இருந்திருந்தால் இந்நேரம் விட்டுவைத்திருப்பாரா என்று நினைத்தேன்.

என் பங்கை எவனும் சரியாகச் சொல்வதில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவன் நான். இந்த ஒன்றிலும் விடமாட்டேன். சவரிமுத்து படிக்கிற மாதிரி, பந்தயப் பையன்கள் படிக்கிற மாதிரி, என் கதையைக் கேட்டு எழுத வந்த பத்திரிகைக்காரர்களே, இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்: கட்டு போட்டுக்காரருடையது, போல்ட் என்னுடையது.